வலிக்காத நகம்

நகம் ஆடியது. நகவெட்டியின் வாய் விளிம்பில் பட்டதுமே, விழப்போகிற பல்லைப் போல என் வலது கால் கட்டைவிரல் நகம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்து மறுபடி உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. இந்த நினைப்பு வந்ததும் உடம்பு துவைகல்லோடு ஒட்டிக்கொண்டது. நகத்துக்கு அடியிலிருந்து கருத்த ரத்தம் கசிந்து ஈரக் கல்லில் இறங்கி சோப்பு நுரையோடு கலந்தது. நான் ஸ்ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது, வலித்தால்தானே சொல்ல. கண்ணை எடுத்துக் கொடியைப் பார்த்தேன். மத்தியான டூட்டிக்குப் போட வேண்டிய காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் அணில் கத்தியது. எல்லாம் தினப்படி இருப்பது போலத்தான் இருந்தது. திரும்பிக் காலைப் பார்த்தால் அதுவும் சரியாகிவிட்டிருக்கும் என்று நினைத்தேன், சின்னப் பிள்ளை மாதிரி. திரும்பினேன். ரத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரோ ஒருவருடைய காலை என் முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

எப்போது ஆனது இது? நேற்றா? நேற்றுக் காலையில் குளிக்கும்போது இருந்ததா? நேற்றுக் காலையில் நான் காலைப் பார்க்கவில்லை. முந்தாநாளும் பார்க்கவில்லை. தொப்பை விழுந்த பிறகு குனிந்து பார்ப்பதே ஒரு வேலை, மூச்சு முட்டும். தண்ணீரை ஊற்றி ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துவிட்டு எழுந்துவிடுவேன். நேற்று ராத்திரி நகம் சாக்ஸில் இழுத்துப் பிடித்துக்கொண்டு கழற்ற வரவில்லை என்பதால்தான் இன்றைக்கு நகவெட்டியை எடுத்தேன். சாக்ஸ்! வாளியில் ஊறப்போட்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் பழுப்புச் சிவப்பாக இருந்தது. காலையில் முக்கிவைத்தபோது சாயம் போகிறது என்றுதான் நினைத்தேன். கருப்புச் சாக்ஸில் எங்கேயிருந்து சிவப்புச் சாயம் வரும்? அதைக்கூட யோசிக்காமல் பல் விளக்கப் போயிருக்கிறேன். சுவரோரம் கிடந்த வலது பூட்ஸை இழுத்து, கவிழ்த்து, குதிகாலில் ஒரு தட்டுத் தட்டினேன். டொக்கென்று ஒரு ஜல்லிக்கல் விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும், ஒரு முனை கூராக. பஸ் டெப்போ முற்றத்தில் கொட்டியிருக்கிற ஜல்லிதான். நேற்று மத்தியானம் டயரைத் தட்டிப் பார்க்கப் போனபோது பூட்ஸின் நாடா அவிழ்ந்திருந்தது, அப்போது ஏறியிருக்கும். அப்புறம் கம்பத்திலிருந்து குமுளி, குமுளியிலிருந்து கம்பம், மறுபடி மேலே, மறுபடி கீழே. அத்தனை தூரமும் இந்தக் கல் என் விரலுக்கும் பூட்ஸ் தோலுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்காத ஆள்.

"என்னாங்க, இன்னும் குளிச்சு முடியலையா? தோசை ஆறுது."

அடுப்படியிலிருந்து தனபாக்கியம். என் சம்சாரம்.

"நகம் வெட்டிக்கிட்டிருக்கேன்."

"பாத்து வெட்டுங்க. ஓரத்துல குடையாதீங்க."

குடையாதீங்க. சக்கரை வியாதிக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துச் சொன்னார்கள், அவளும் கூட வந்திருந்தாள். அந்த நர்ஸம்மா ஒரு ரப்பர் காலை மேசை மேல் வைத்துக்கொண்டு பேசியது. நகத்தை நேராக வெட்டுங்க, ஓரம் வளைச்சு வெட்டினா சதைக்குள்ள வளரும். ரொம்ப ஒட்ட வெட்டாதீங்க. குளிச்சதும் விரல் இடுக்கைத் துணியால ஒத்தித் தொடைங்க, ஈரம் நின்னா புண்ணாகும். தினமும் முகம் பாக்குற மாதிரி காலைப் பாருங்க, குனிய முடியலைன்னா கண்ணாடியக் கீழ வச்சுப் பாருங்க. வெறுங்காலோட நடக்காதீங்க, செருப்பு, ஷூ போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டுப் பாருங்க. நான் வாய்க்குள் சிரித்தேன். பஸ் ஓட்டுகிறவன் காலுக்குக் கண்ணாடி காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா. அவர்கள் சொன்னதில் ஒன்றைத்தான் கேட்டேன், வெறுங்காலோடு நடக்காதே என்றதை. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு பூட்ஸுக்கு மாறினேன். உள்ளே கையை விட்டுப் பார் என்றதைக் கேட்கவில்லை. என் நகங்கள் எப்போதோ நகம் மாதிரி இருப்பதை விட்டுவிட்டன. மஞ்சள் பாரித்து, தடித்து, மாட்டுக் கொம்பைச் சீவினது போலத் தூள் தூளாக உதிரும். நகவெட்டிக்குள் சுலபமாக நுழையாது. சவரம் செய்த பிளேடைப் பாதியாக உடைத்து, ஓரத்தில் விட்டு நெம்பி எடுப்பேன். ஒரு சுகம் இருந்தது அதில். வலி கலந்த சுகம். அந்த வலி கடைசியாக எப்போது வந்தது? பிளேடை விட்டு நெம்பியபோது முகத்தைச் சுளித்தது எந்த மழைக்காலத்தில்? ஞாபகம் இல்லை. ஒரு ஆள் ஊரைவிட்டுப் போனால் நாலு பேர் கேட்பார்கள், எங்கே காணோம் என்று. வலி போனால் யாரும் கேட்பதில்லை. நிம்மதி என்று இருந்துவிட்டேன். கால் மரத்தது போல இருக்கிறது, பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று எனக்கே தெரிந்ததுதான். பழைய பூட்ஸ், அடிப்பாகம் மெத்தென்று ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். ராத்திரி படுக்கும்போது தனபாக்கியம் கேட்பாள், காலைப் பாத்தீங்களா? பாத்துட்டேன் என்பேன். வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று கேட்டால் போட்டுட்டேன் என்பது மாதிரி.

சேவுகனும் இப்படித்தான் சொல்லியிருப்பான். வேண்டாம், அவனை நினைக்கக் கூடாது. ஆனால் நினைப்பு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு மலைப்பாதையில் வண்டி பழக்கியவன் சேவுகன், வளைவுக்கு வளைவு பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன். அவனுக்கும் நகத்தில்தான் ஆரம்பம். கருத்துப்போன நகம். பிளேடு வைத்துத் தானே எடுத்தான், மஞ்சளை அப்பினான், சுண்ணாம்பைத் தடவினான், மேலே துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டினான். விரலை எடுத்தார்கள். பக்கத்து விரலையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது போர்வை முழங்காலுக்குக் கீழே படுத்துக்கிடந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சமதரை. நான் போர்வையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். சேவுகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்டா பவுனு. வலிக்கவே இல்லையேடா" என்றான். கோபமாகச் சொன்னான், வலி ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனது போல. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்தேன். சர்க்கரை போட்டுக் குடித்தேன். என் கால் நன்றாக இருக்கிறது என்று தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. மிதித்த சத்தம் கேட்டது. மிதித்தது தெரிந்ததா?

ரத்தம் நின்றுவிட்டது போல இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். தண்ணீர் மொண்டு ஊற்றினேன். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று கை சொன்னது. கால் ஒன்றும் சொல்லவில்லை. விரலைத் தொட்டுப் பார்க்கலாம். ஒவ்வொன்றாக அழுத்தினால் எதுவரை இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரிந்துவிடும். கையைக் கொண்டுபோனேன். அது பாதத்துக்கு ஒரு சாண் மேலே நின்று, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து முழங்காலைச் சொறிந்தது. தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாதவனாக ஆக முடியாது. ஓட்டும்போது கவனமெல்லாம் ரோட்டில் இருக்கும், அதனால் கல் தெரிந்திருக்காது. யாருக்கும்தான் தெரியாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் நேற்றைய வளைவு வந்துவிட்டது. காலையிலிருந்து அதைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேனா, ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரண்டதும் அதனால்தானா. குமுளியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஏறியிருந்தார்கள், தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து ஒரு ஜீப் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறியது. தினமும் ஏறுகிற ஜீப்தான். காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி உறுமியது. ஒரு நொடி, கண் சிமிட்டுகிற நேரம்தான், பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக எஞ்சின் உறுமியது. குனிந்து பார்க்க நேரமில்லை. தொடையிலிருந்து காலைப் பிடுங்கி மறுபடி மிதித்தேன். காற்று புஸ்ஸென்று இரைந்து வண்டி நின்றது. ஜீப் டிரைவரின் மூக்குத்தண்டில் இருந்த தழும்பு எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கத்தில். கண்டக்டர் முபாரக் பின்னாலிருந்து கத்தினான், "என்னா அண்ணே, இன்னைக்கு லேட்டாப் புடிக்கிறீங்க?" நான் சிரித்தேன். "சும்மா உன்ன முழிக்க வச்சேன்டா" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவளுடைய மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது, கண்ணாடியில் பார்த்தேன். அதன் தலை அவள் கையிலிருந்து சரிந்து, அவள் எடுத்து மறுபடி தோளில் சாய்த்துக்கொண்டாள். பூட்ஸ் அடிப்பாகம் வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே சொன்னேன். பூட்ஸ், பூட்ஸ். எல்லாப் பழியையும் பூட்ஸின் மேலேயே போட்டுவந்திருக்கிறேன். எந்தப் பெடலில் இருந்தது என் கால்? இரண்டிலும் பாதிப் பாதியாகவா? இருபத்தைந்து வருசமாக அந்தக் கால்தான் வண்டி. கண் பார்க்கும், கை திருப்பும், ஆனால் நிறுத்துவது கால். அது எங்கே இருக்கிறது என்று கீழே குனிந்து தேடிப் பார்க்கிற நிலைமையில் ஒருத்தன் மலையிலிருந்து ஐம்பது பேரை இறக்கிக்கொண்டிருக்கிறான், அவர்களும் சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். டெப்போவுக்கு போன் போட்டு, காய்ச்சல் சார், எழுந்திரிக்க முடியல. யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நகம் ஆறிவிடும். பஞ்சு வைத்து, துணி சுற்றி, பெரிய அளவில் ஒரு பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு, மெதுவாக, கவனமாக. கவனமாக என்றால்? வளைவு வரும்போதெல்லாம் குனிந்து காலைப் பார்த்துக்கொள்வதா? உண்மையைச் சொன்னால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். வண்டி தரமாட்டார்கள். டெப்போ வாசலில் ஒரு விசிலைக் கொடுத்து உட்கார வைப்பார்கள், வண்டி பின்னால் வரும்போது ரைட் ரைட் என்று ஊதிக்கொண்டிருக்க வேண்டும். நேற்றுச் சேர்ந்தவன் என் வண்டியை எடுத்துக்கொண்டு என் முன்னால் போவான். அதுகூடப் பெரிதில்லை. தனபாக்கியம் பார்ப்பாளே, அதுதான். அவள் அழுகிறவள் இல்லை. சேவுகனின் காலை எடுத்த செய்தி வந்த அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டுத் துலக்கினாள், துலக்கியதையே திரும்பத் துலக்கினாள். அவசரமாகக் கொடியிலிருந்து பழைய துண்டை இழுத்தேன். கிழித்து விரலைச் சுற்றினேன். கட்டைவிரலையா, கூட இன்னொரு விரலையும் சேர்த்தா, இறுக்கமா, தளர்வா, ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் கட்டியது, மூட்டைக்குக் கட்டுகிற மாதிரி. நுழைப்பதற்குக் காய்ந்த சாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சுற்றிய வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம் விரிந்தது. கருப்புச் சாக்ஸில் மறைந்துவிடும். நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். மத்தியானம் வண்டியை எடுக்கத்தான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். டீச்சர் ஒருத்தர் வருவார், தினமும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம். வண்டி ஊரைத் தாண்டியதும் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிடுவார், குமுளி வரைக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பள்ளத்தாக்கு ஓரமாக அப்படி ஒரு தூக்கம். யாரை நம்பித் தூங்குகிறார்?

"தனம்."

அடுப்படிக்கு எட்டவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் கரண்டியோடு வந்து கதவில் நின்றாள். வாளியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என் மடியிலிருந்த சாக்ஸைப் பார்த்தாள். கரண்டியைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு வந்து என் முன்னால் ஈரத்தில் உட்கார்ந்தாள். சேலை நனைவதைப் பார்க்கவில்லை. நான் கட்டியதை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முருங்கை மரத்தில் அணில் இல்லை. சுவரில் ஒரு வெடிப்பு கீழிருந்து மேலே போயிற்று, அதோடு கூடவே கண்ணை ஓட்டிக்கொண்டு போனேன். இப்போது தொடுவாள். தொட்டதும் ஆ என்று கத்துவேன், எவ்வளவு வலித்தாலும் பரவாயில்லை, உயிர் போகிற மாதிரி வலிக்கட்டும். பிள்ளை பெறுகிற வீட்டில் அழுகைச் சத்தத்துக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். வெடிப்பு ஓட்டுக்கூரை வரை போய் முடிந்துவிட்டது. அவள் ஏன் சும்மா இருக்கிறாள்?

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படி தனம்? தொட்டுப் பாரு."

நான் சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பயப்படாத. கட்டைவிரல் வேணாம், பக்கத்து விரலத் தொடு. நான் சொல்றேன், தெரியுதான்னு."

"என்னாங்க." அவள் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அஞ்சு விரலையும் சேத்துப் புடிச்சிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். ஆமாம். அவளுடைய இரண்டு கையும் என் பாதத்தை மூடிக்கொண்டிருந்தன, குளிரில் கிடந்த குருவிக் குஞ்சைப் பொத்துவது போல. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன, அவ்வளவு இறுக்கம். வெளியே ரோட்டில் யாரோ காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு கத்திரிக்கா, வெண்டிக்கா என்று கத்திக்கொண்டு போனார்கள். அது நன்றாகக் கேட்டது. ரோட்டில் போகிறவன் குரல் இங்கே எட்டுகிறது, என் காலைப் பிடித்திருக்கிற கை என்னை எட்டவில்லை. அதற்குமேல் எனக்கு நினைப்பே வரவில்லை. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த தலை முதல் தடவையாகச் சும்மா இருந்தது. பயம் மட்டும் இருந்தது, இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஏறுவது போல.

"ஜன்னல்ல போன் இருக்கு, எடு" என்றேன்.

அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துவிட்டு எட்டி எடுத்துக் கொடுத்தாள். டெப்போவில் டைம் கீப்பர் தங்கமாரி எடுத்தார். பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம்.

"சொல்லுங்க பவுன்ராஜ்."

"சார், இன்னைக்கு வண்டிக்கு வேற ஆளப் போடுங்க."

"என்னாப்பா இப்பப் போய்ச் சொல்ற? முகூர்த்த நாளு, ஸ்பேர் ஆளே இல்ல. என்னா, காய்ச்சலா?"

காய்ச்சல் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். தனபாக்கியம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரை மெல்ல ஊற்றி விரல் இடுக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரத்தம் போய், நகத்தின் அடி வெள்ளையாகத் தெரிந்தது.

"காய்ச்சல் இல்ல சார். எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல. பிரேக் மிதிச்சா மிதிச்சது தெரியல. நேத்தே தெரியல. இனிமே நான் வண்டி எடுக்கக் கூடாது சார்."

அந்தப் பக்கம் தங்கமாரி கதவைச் சாத்தினார், வண்டிச் சத்தம் குறைந்தது.

"யாருகிட்டயும் சொன்னியா?" என்றார் தணிந்த குரலில்.

"உங்ககிட்டத்தான் சொல்றேன். எழுதியும் தர்றேன்."

"சரி. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நான் பாத்துக்கறேன்." வைப்பதற்கு முன் மறுபடி, "பவுனு, போயிருப்பா. நாளைக்கின்னு இருக்காத" என்றார்.

தனபாக்கியம் சுத்தமான வேட்டித் துணியைக் கிழித்துக் காற்றோட்டமாகச் சுற்றினாள். மஞ்சள் வைக்கவில்லை, எதையும் வைக்கவில்லை. ஆடுகிற நகத்தைப் பிடுங்கிவிடவா என்று நான் கேட்டதற்கு, "கைய வச்சீங்கன்னா பாருங்க" என்று ஒரே அதட்டல். அகலமான செருப்பை எடுத்து உள்ளே தடவிப் பார்த்துவிட்டு என் காலடியில் போட்டாள். நனைந்த சேலையை மாற்றாமலே போய் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். விரல் தங்குமா, பாதம் தங்குமா, எதுவரை எடுப்பார்கள். நகம்தானே என்று டாக்டர் சிரிப்பாரா, இல்லை, சேவுகனின் காலைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சொன்ன மாதிரி நாலு நாள் முன்னாடி வந்திருக்கலாமே என்பாரா. இன்னொருத்தன் வண்டி ஓட்ட நான் பின்னால் இருப்பது பழக்கமில்லாதது. ஆட்டோக்காரன் இளவட்டம், சந்து பொந்தெல்லாம் பறந்தான். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. அவன் பிடிப்பதற்கு முன்னாலேயே நான் பிடித்தேன், வலது காலை ஊன்றி முழுப் பலத்தோடு அழுத்தினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆட்டோ குலுங்கி நின்றது. மாடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. அழுத்தினேனா, எதன் மேல் அழுத்தினேன்? குனிந்து பார்த்தேன். என் செருப்பு, ஆட்டோவின் தரையில் இல்லை. தனபாக்கியத்தின் பாதத்தின் மேல் ஏறி நின்றிருந்தது. அவள் விரல்கள் அதற்கடியில் நசுங்கிச் சிவந்திருந்தன. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். "இருக்கட்டும்."